குடிவெறியில் சுத்துவது தலை இல்லை

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "சேர், டிப்ஸி, குரோகி, ஸ்டூப்பர், டெலிரியம், கோமா எல்லாத்துக்கும் என்ட அகராதியில மயக்கம் எண்டுதான் போட்டிருக்கு. இங்கிலீசுக்காரனுக்கு மட்டும் என்னத்துக்கு இத்தனை மயக்கம்?"

நியாயமான கேள்வி. குற்றம் அகராதிக்காரர் பக்கம்தான்.

குரோகி கப்பலில் பிறந்த சொல். 1740இல் அட்மிரல் எட்வர்ட் வேர்னன், மாலுமிகளுக்குக் கொடுக்கும் றம்மில் தண்ணீர் கலக்கச் சொல்லி உத்தரவு போட்டார். குரோகிரம் என்ற முரட்டுத் துணியில் கோட்டுப் போடுகிறவர் என்பதால் அவருக்கு 'ஓல்ட் குரோக்' என்று பட்டப்பெயர். அந்தத் தண்ணீர் றம்முக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. குடித்துத் தள்ளாடியவன் குரோகி ஆனான். இப்போது ஒரு சொட்டும் குடிக்காமல், தூக்கம் கலையாமல் எழும்பி வருகிறவனும் குரோகிதான். ஸ்டூப்பரும் கோமாவும் டொக்டர்மாரின் சொற்கள். வலிக்கக் கிள்ளினால் கண்ணைத் திறந்து திரும்ப அமிழ்ந்துபோவது ஸ்டூப்பர். எதற்கும் எழும்பாதது கோமா. இதை இலக்கத்தில் அளக்க 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனெட்டும் ஒரு அளவுகோல் செய்தார்கள்: கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு விழிப்புக்கு 15, அடிமட்டம் 3. வாட்டில் நோயாளியின் அட்டையில் 'ஜி.சி.எஸ்.' (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்று எழுதியிருப்பது இதைத்தான்.

எனக்குப் பிடித்த இடம் டிப்ஸிக்கு, அதாவது இலேசான வெறிக்கு, அடுத்த படி. நல்ல வெறியில் வந்து பாயில் சரிந்தவர் "வீடு சுத்துது" என்று கத்துவாரே, அந்த இடம். நடை தள்ளாடுவதும் நாக்குக் குழறுவதும் சிறுமூளையின் வேலை. இந்தச் சுத்தல் காதுக்குள் நடக்கிறது.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். ஒவ்வொரு குழாயின் அடியிலும் கூழ் போன்ற சின்னத் தடுப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது. அதன் பெயர் குப்யூலா. தலை திரும்பினால் திரவம் பின்தங்கி அதைத் தள்ளும், அது வளையும், அடியிலுள்ள, அசைவை உணரும் மயிர்க்கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும். இதில் ஒரு நுட்பம்: குப்யூலாவின் அடர்த்தியும் திரவத்தின் அடர்த்தியும் ஒன்றே. வாவியில் மிதவையும் ஈயமும் சரிக்குச் சரியாகக் கட்டி, மேலேயும் வராமல் அடியிலும் படுக்காமல் நடுத்தண்ணியில் நிற்கிற வலையை நினைத்துப் பாருங்கள். நீரோட்டம் இழுத்தால்தான் அது அசையும்.

இப்போது சாராயம் உள்ளே போகிறது. குப்யூலாவுக்குப் பக்கத்தில் இரத்தக் குழாய்கள் இருப்பதால் அற்ககோல் முதலில் அதற்குள்தான் ஊறும். திரவத்துக்குப் போய்ச் சேர நேரமெடுக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அற்ககோலுடையது 0.79. ஆகவே குப்யூலா இலேசாகிவிடுகிறது. வலையிலிருந்து நாலு ஈயக்குண்டை யாரோ களவாக அறுத்துவிட்ட மாதிரி. ஆள் சரிந்து படுத்ததும் அது மேலே மிதந்து வளைகிறது. தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கும் மூளையோ "ஓட்டம் இழுக்குது, நாம சுத்துறம்" என்று நம்பி, கண்ணையும் அதற்கேற்ப ஓட்டுகிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும்: கண்மணி ஒரு பக்கம் மெல்ல நழுவி, வெடுக்கென்று திரும்பும். திரும்பவும் நழுவும்.

சில மணித்தியாலத்தில் அற்ககோல் திரவத்துக்கும் பரவி இரண்டும் சமனாகும், சுத்தல் நிற்கும். ஆள் தூங்குவார். விடியப்புறம் அற்ககோல் வந்த வழியே வெளியேறும், குப்யூலாவிலிருந்துதான் முதலில். இப்போது அது திரவத்தைவிடப் பாரம். சுத்தல் திரும்ப வரும், மறுபக்கமாக! மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூரார் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இது சும்மா கதையில்லை. அதே 1974இல் கனடாவில் மனி (Money), மைல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சாதாரணத் தண்ணீரைவிடப் பத்திலொரு பங்கு பாரமான கனநீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் எதிர்ப்பக்கமாக நழுவியது. அந்த மனி பிற்பாடு, 1983இல், கனடா தெரிவுசெய்த முதல் ஆறு விண்வெளி வீரர்களில் ஒருவரானார். நம் நாட்டில் ஒருவர் "கனநீர் குடிக்கக் கொடுக்கப் போறன், காசு தாங்க" என்று கேட்டால் எந்தக் குழு கையெழுத்துப் போடும்?

விடிந்ததும் "ஒரு சின்னது போட்டா நிண்டுடும்" என்று சிலர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. குப்யூலா திரும்ப இலேசாகும். ஆனால் நாளாந்தம் இப்படியே போனால் மூளை தன் அமைப்பையே சாராயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். சாராயம் நரம்புகளை அமுக்க அமுக்க, மூளை எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டே போகும். ஒருநாள் குடியைச் சட்டென நிறுத்தினால், முறுக்கு மட்டும் மிஞ்சும். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடத் தொடங்குவார். டெலிரியத்தில் ஒரு வகை இது. இலத்தீனில் 'லிரா' என்றால் உழவுச்சால். அந்தச் சாலை விட்டு விலகிய ஏர் என்பதுதான் டெலிரியத்தின் பொருள். வயல் உழும் எங்கள் படுவான்கரையில் யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தமிழிலும் சன்னி என்று தனிச்சொல் இருக்கிறது, அகராதிக்காரர்தான் மறந்துவிட்டார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் இப்படிப் பூச்சி தட்டியபோது, பேய் பிடித்திருக்கு என்று இரண்டு நாள் நூல் கட்டி, வேப்பிலை அடித்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டயசிபாமும் வைட்டமின் பி1 ஊசியும் ஆளைக் காப்பாற்றின. பிந்தினால் சாகவும் கூடிய வருத்தம் இது.

தம்பி கடைசியில் ஒன்று கேட்டிருந்தார், 'டேஸ்ட்' (dazed) என்பதற்கு என்ன எழுதலாம் என்று. அடிபட்டு, அதிர்ந்து, கண் திறந்திருந்தும் ஒன்றும் விளங்காமல் நிற்கிற நிலை. யோசித்துப் பார்த்தேன். பேயைப் பற்றி இவ்வளவு திட்டிய பிறகு சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: 'பேயறைஞ்ச மாதிரி'யைவிடப் பொருத்தமாக எதுவும் வரவில்லை.