‘எம்.ஜி.ஆர். குரல்’ வந்திட்டுதா? வாயைத் திறந்து காட்டுங்கோ

போன வருடம் மீன் ஏலம் கூறும் ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். வந்தார் என்பதைவிட, மகள் இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதே சரி. ஏழு மாதமாகக் குரல் கரகரவென்று அடைத்துக் கிடந்தது. “கூட்டாளிமார் எல்லாம் எனக்கு எம்ஜிஆர் குரல் வந்திட்டுது எண்டு சொல்றாங்கள், மிஸ்” என்று சிரித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

(ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருகோணமலை சின்ன ஊர்.)

நான் பேச்சுச் சிகிச்சையாளர். மூதூரோ கிண்ணியாவோ தம்பலகாமமோ, எங்கிருந்து வந்தாலும் குரல் அடைத்த ஆண்கள் இந்தப் பகிடியையும் கூடவே கொண்டு வருகிறார்கள். எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் ஒரு தனி உரிமை உண்டுதானே. ஆனால் அந்தக் குரல் எப்படி வந்தது என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள்.

1936இல் சினிமாவுக்கு வந்தவர் அவர். அதற்கு முன்பே சிறு வயதில் நாடகக் கம்பெனி. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. 1967 ஜனவரி 12ஆம் திகதி, ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, எம்.ஆர். ராதா சுட்ட தோட்டா இடது காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. உயிர் தப்பியது. கழுத்துக் கட்டோடு இருந்த படமே சுவரொட்டியாகி, அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலையில் வென்றார். ஆனால் பழைய குரல் திரும்பவில்லை, இடது காதின் கேட்கும் திறனும் போய்விட்டது. அதே வருடம் வந்த ‘காவல்காரன்’ படத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஒரே படத்தில் இரண்டு குரல் இருக்கும். முப்பது வருடமாகக் காப்பாற்றிய குரல் ஐம்பது வயதில் கைவிட்டால் வேறொருவரைப் பேசவைத்துச் சமாளிக்கவே பலரும் நினைப்பார்கள். அவர் அந்தக் குரலோடேயே இன்னும் பத்து வருடம் கதாநாயகனாக நின்றார். 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக வாங்கியதும் அந்தக் குரலோடுதான். தொழில்ரீதியாக நான் அவரை மதிக்கும் இடம் இதுதான், சண்டைக் காட்சிகள் அல்ல.

சரி, ஏலக்காரருக்கு வருவோம். எம்.ஜி.ஆரின் குரல் மாறியதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். உங்கள் குரல் மாறியதற்குக் காரணம் என்ன? அது தெரியாதவரைக்கும் பகிடி விடக்கூடாது. தடிமன் காய்ச்சலோடு அடைத்த தொண்டை ஒரு கிழமை, இரண்டு கிழமையில் திறந்துவிடும். மூன்று கிழமை தாண்டியும் கரகரப்பு இருந்தால் காது மூக்குத் தொண்டை நிபுணர் குழாய்க் கமெரா விட்டுக் குரல்நாணைப் பார்க்க வேண்டும். சுருட்டும் வெற்றிலையும் உள்ளவர்கள் ஒரு நாளும் பிந்தக்கூடாது. குரல்நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு கழுத்திலிருந்து நேரே வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் உள்ள கட்டிகூட முதலில் குரலில் தெரியலாம். தேனும் இஞ்சியும் அங்கே போய்ச் சேராது.

அவருக்குக் குரல்நாணில் புற்றுநோய், ஆரம்ப நிலை. ஏழு மாதம் போன பிறகும் ஆரம்ப நிலையில் இருந்தது அதிர்ஷ்டம். கதிர்ச் சிகிச்சை முடிந்து இப்போது மெதுவாகக் கதைக்கிறார். ஏலம் கூறுவதை மகன் எடுத்துக்கொண்டான்.

ரியூசன் ஆசிரியர்களுக்கு வருவது பெரும்பாலும் குரல்நாணில் சிறு முடிச்சு. அதற்குப் பயிற்சி உண்டு. அதுவரை கிசுகிசுத்துக் கதைக்காதீர்கள், அது குரல்நாணை இன்னும் வருத்தும். தொண்டையைச் செருமாமல் தண்ணீர் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984இல் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் பழுதாகி, பாரிசவாதமும் வந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது பேச்சு தெளிவில்லாமல் போயிருந்தது. இது தொண்டைப் பிரச்சினை அல்ல, மூளை. குரல் மெல்ல மாறினால் கிளினிக்குக்கு வாருங்கள். பேச்சு திடீரென்று குழறினால், வாய் கோணினால், ஒரு கை விழுந்தால் எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் 1990க்கு அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதானால் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு ஐயாவைக் காலையில் எழுந்தபோதே பேச்சில்லாமல் கண்டார்கள். “படுத்தால் சரியாகிடும்” என்று பின்னேரம்வரை வைத்திருந்துவிட்டார்கள். மனைவியின் பெயர் அவருக்கு வராது, ‘தண்ணி’ வராது. ஆனால் ஒரு எம்.ஜி.ஆர். பாட்டின் முதலடியை நான் முணுமுணுத்தால் இரண்டாம் அடியைச் சொல் பிசகாமல் பாடுவார். பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுப்பதால் சிலருக்கு இப்படி நடக்கும். அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டே சொற்களை ஒவ்வொன்றாக மீட்கப் பார்க்கிறோம். இரண்டு மாதத்தில் ‘தேத்தண்ணி’ வந்தது. போன கிழமை, “நான் சிவாஜி பக்கம், மிஸ், இந்தாளுக்காகத்தான் இதெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறன்” என்று மனைவி அலுத்துக்கொண்டார். ஐயா அவரைத் திரும்பிப் பார்த்து, பாட்டு எதுவும் இல்லாமல், தெளிவாக ஒரு சொல் சொன்னார்: “சும்மா.”