எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

இந்த மாதத்தில் இவர் ஐந்தாமவர். கடலூர்க்காரர், வயது 41. புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர். "வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் சார்" என்றார். அனுப்பிய கடிதத்தைக் கேட்டேன். அவர் நீட்டியது தன்னுடைய ராஜினாமாவை. கைப்பட எழுதி, தேதியிட்டு, "சொந்தக் காரணங்களுக்காக" என்று.

புதுச்சேரியில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு அந்த இரண்டு சொற்களைக் கண்டாலே தலை வலிக்கிறது.

ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ராஜினாமா என்றால் பெயர் கெடாது, டிஸ்மிஸ் ஆனால் வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள்." யார் சொன்னது? உங்களை அனுப்புகிறவர். மாட்டை விற்பவனிடமே பல்லைப் பார்க்கச் சொல்வதா?

டிஸ்மிஸ் என்பது குற்றம் சுமத்தி, விசாரித்து, தண்டனையாக நீக்குவது. உங்கள்மேல் என்ன குற்றம்? ஆர்டர் குறைந்தது, ஆளைக் குறைக்கிறார்கள். அதற்குச் சட்டம் வைத்த பெயர் ஆட்குறைப்பு. அதில் உங்கள் நடத்தைக்கு எந்தப் பங்கும் இல்லை. அடுத்த முதலாளிக்கும் அது தெரியும், அவரும் ஆளைக் குறைத்திருப்பார். ராஜினாமா, டிஸ்மிஸ் என்று இரண்டு கதவுகளை மட்டும் காட்டி மூன்றாவதை மறைத்துவிடுகிறார்கள். பணம் இருப்பது அந்த மூன்றாவதில்தான்.

எவ்வளவு என்று இவருக்கே கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். ஆட்குறைப்பு என்றால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் 11 ஆண்டுகளுக்கு 1,43,000. ஒரு மாத முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்கு ஈடாக 26,000. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, வேலை இழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து இன்னும் 15 நாள் சம்பளம், 13,000. கூட்டினால் 1,82,000 ரூபாய். ராஜினாமா செய்தவருக்கு இதில் ஒரு ரூபாய் கிடையாது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் ராஜினாமாவானாலும் ஆட்குறைப்பானாலும் இவருக்கு உண்டு. அதையே "நாங்கள் தரும் தொகை" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இவரும் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டு, எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த ஊர் இந்தப் புதுச்சேரி. இங்கே குளிரூட்டிய அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்த அறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. "நகல் கொடுங்கள், படித்துவிட்டு நாளை வருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மிரட்டி வாங்கிவிட்டார்களா? அன்றைக்கே மின்னஞ்சலிலும் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலிலும் (ஸ்பீடு போஸ்ட்), கட்டாயத்தால் எழுதியது, திரும்பப் பெறுகிறேன் என்று அனுப்புங்கள். இவரைப்போல நாற்பது நாள் கழித்து வந்தால் நான் என்ன செய்வேன்? "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரியுள்ள ரசீதில், பணத்தை எண்ணும் முன் கைவைக்காதீர்கள். கணக்கு முடிக்க அவர்களுக்குச் சட்டம் தந்திருப்பது இரண்டே வேலை நாள்.

"மேனேஜர் என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார்கள், எனக்குச் சட்டம் பொருந்தாதாமே" என்று மென்பொருள் நிறுவனப் பிள்ளைகள் வருகிறார்கள். அட்டையைப் பார்த்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி.

இன்னொன்று: வேலை பார்த்த இடம் புதுச்சேரி என்றால் புகாரும் புதுச்சேரித் தொழிலாளர் துறையில்தான். கடலூரில் குடியிருக்கிறேன் என்று அங்கே மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் வாங்க முள்ளோடை எல்லை தெரிகிறது, இதற்கு மட்டும் தெரியவில்லை. தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகளைத் தாண்டினால் சமரச அதிகாரி எடுக்கவே மாட்டார்.

வேலையில் இருக்கும்போதே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் வையுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அலுவலகம் தந்த சிம் எண் இருந்தால் இன்றே மாற்றுங்கள். சிம்மைப் பிடுங்கியபின் கடவு எண் (ஓடிபி) அவர்களுக்குப் போகும். அந்தப் பணத்தை அவசரப்பட்டு முழுவதும் எடுத்துவிடாதீர்கள்; ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் சேர்ந்த ஆண்டுகள் போய்விடும்.

நாற்பது நாள் எங்கே இருந்தீர்கள் என்று அந்தக் கடலூர்க்காரரைக் கேட்டேன். தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் தேதி கடன் அட்டையில் பணம் எடுத்து, சம்பளம் என்று மனைவியிடம் கொடுத்திருக்கிறார். திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை. தயவுசெய்து அன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்ல ஆளில்லை, மனம் தாங்கவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

அடுத்த முறை அவரை மனைவியோடு வரச் சொன்னேன். வந்தார்கள். பதினோரு ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை அந்த அம்மாதான் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடுக்கி வைத்திருந்தார்.