பச்சைக்கு ஒரு சமையல், சிவப்புக்கு வேறு சமையல்: குடமிளகாய்ப் பருவத்தில் கவனிக்க வேண்டியவை

குடமிளகாய் நன்றாக விளையும் மாதங்களில், என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வரும் குறிப்பேடுகளில் அது அடிக்கடி தலைகாட்டும். பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒன்றாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, மூடிபோட்டுக் குழைய வேகவைத்ததாக எழுதியிருப்பார்கள். அடுத்த வரியிலேயே “வீட்டில் யாரும் தொடவில்லை” என்றும் இருக்கும். சமைக்கத் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. எல்லாம் ஒரே காய்தானே, நிறம்தானே வேறு என்று நினைப்பதால் நடக்கிறது. செடியைப் பொறுத்தவரை அது சரி. அடுப்பைப் பொறுத்தவரை சரியில்லை.

பச்சைக் குடமிளகாய் பெரும்பாலும் வளர்ந்து முடித்த, ஆனால் இன்னும் பழுக்காத காய். அதையே செடியில் விட்டுவைத்தால் ரகத்துக்கு ஏற்ப சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பழுக்கும். நாற்று நட்டு ஏறக்குறைய 60 முதல் 80 நாளில் பச்சையாகப் பறிக்கலாம். முழு நிறம் ஏற மேலும் இரண்டு முதல் நான்கு வாரம் தேவை. அந்த வாரங்களில் பூச்சி, வெயில், அழுகல் எல்லாவற்றுக்கும் காய் தப்பிக்க வேண்டும். வண்ணக் குடமிளகாயின் விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பழுக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தால் சமையல் ஏன் மாற வேண்டும் என்பது புரியும். பச்சையம் சிதைந்து, கரோட்டினாய்டு நிறமிகள் சேர்கின்றன. சிவப்புக்கு முக்கியக் காரணம் கேப்சாந்தின் என்ற நிறமி. 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 2.4 கிராமாக இருக்கும் சர்க்கரை, சிவப்பில் 4 கிராமைத் தாண்டும். வைட்டமின் சி சுமார் 80 மில்லிகிராமிலிருந்து 125க்கு மேல் போகும். வைட்டமின் ஏ மதிப்போ எட்டு மடங்குக்கு மேல் உயரும். இன்னொரு பக்கம், பச்சைக் காய்க்கே உரிய அந்தப் புல் வாசனை குறையும். மெத்தாக்ஸிபைரசின் வகைச் சேர்மம் ஒன்றுதான் அந்த வாசனையைத் தருகிறது. தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். “குழந்தை குடமிளகாயைப் பார்த்தாலே ஓடுகிறது” என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, எந்த நிறத்தைக் கொடுத்தீர்கள் என்றுதான். பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். சிவப்பிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் பச்சைக்கு வரலாம்.

வைட்டமின் சி பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய கதையையும் சொல்லத் தோன்றுகிறது. 1930களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் ஸெகெட் நகரில் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி அந்த வைட்டமினை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு அதைப் பிரித்தெடுக்க முடியாமல் திண்டாடினார். ஒரு நாள் இரவு மனைவி தட்டில் வைத்த பாப்ரிகா மிளகாயைச் சாப்பிட மனமில்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த மிளகாயிலிருந்து கிலோ கணக்கில் வைட்டமின் சி கிடைத்தது. 1937ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் குடமிளகாயும் அதே இனம்தான்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 90 மில்லிகிராம் வரை வைட்டமின் சி வேண்டும் என்று பல நாட்டுப் பரிந்துரைகள் சொல்கின்றன. நடுத்தர அளவுச் சிவப்புக் குடமிளகாய் ஒன்றைப் பச்சையாகச் சாப்பிட்டாலே அது நிறைந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு தட்டுக்கு வந்து சேரும்வரை நிலைப்பதில்லை. வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பெரும் பங்கு வடிகாலுக்குத்தான் போகும். பச்சை நிறம் மங்காமல் இருக்கச் சோடா உப்பு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோடாவின் காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு நேர் எதிரான தன்மை, வைட்டமின் சியை வேகமாக அழித்துவிடும், காயையும் கூழாக்கிவிடும். சோடா வேண்டவே வேண்டாம்.

சரி, பச்சையை எப்படிச் சமைப்பது? அகலமான சட்டி, பெரிய தீ, மூடி கிடையாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். ஓரம் லேசாகச் சுட்டு, நடுவில் கடிபட வேண்டும். சட்டி நிறையத் திணித்தால் காய் விடும் தண்ணீரிலேயே அது வெந்துபோகும்; நிறைய இருந்தால் இரண்டு தடவையாக வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பும் கடைசியில்தான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பச்சையம் உருமாறி மங்கலான பழுப்புப் பச்சையாகிவிடும். மூடி போட்டாலும் இதே கதை, ஏனென்றால் காயிலிருந்து வரும் அமில ஆவி திரும்ப அதன்மேலேயே விழும். முட்டை, காளான், வேகவைத்த பயறு என்று எதனோடு சேர்த்தாலும் சேரும். பச்சைக் காய்க்கு இருக்கும் லேசான கசப்பு இப்படிப்பட்ட உப்பு உணவுகளில் நன்றாகவே பொருந்தும். இனிப்பான சிவப்பைவிட அங்கே பச்சைதான் எனக்குப் பிடிக்கும்.

சிவப்புக்குப் பொறுமை வேண்டும். அதன் அருமை தீயில் சுடும்போதுதான் தெரியும். முழுக் காயை நேராக நெருப்பில் காட்டியோ, 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் அரை மணி நேரம் போல வைத்தோ, தோல் கருகிக் கொப்பளிக்கும்வரை சுடுங்கள். உடனே ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே தேங்கும் ஆவியே தோலைத் தளர்த்திவிடும், கையாலேயே உரிக்கலாம். குழாயடியில் காட்டி உரித்தால் வேலை சுலபம்தான், ஆனால் சுவையில் பாதி ஓடிவிடும். “கருகினது உடம்புக்குக் கெடுதல் இல்லையா” என்று கேட்பார்கள். கருகின தோலை நாம் சாப்பிடப்போவதில்லை, உரித்து எறிந்துவிடுகிறோம். சமைக்காமல் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, ஏப்பம் வருகிறது என்கிறவர்களில் சிலருக்கு அந்தத் தோல்தான் சிக்கல். தோல் நீக்கிய சிவப்புக் குடமிளகாயை அவர்கள் சிறிது சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சுட்டு உரித்த மூன்று நான்கு பழங்களோடு, சின்னத் தீயில் வதக்கிய வெங்காயம், பூண்டு, கெட்டியாவதற்கு ஒரு கரண்டி வெந்த பருப்பு சேர்த்து அரைத்தால் அருமையான சூப் கிடைக்கும். மெல்ல முடியாத முதியவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்க்கத் தயங்க வேண்டாம். வைட்டமின் ஏ தரும் கரோட்டினாய்டுகள் கொழுப்போடு சேர்ந்துதான் குடலில் உறிஞ்சப்படும். காய் வெந்து மசிந்தால் அவை இன்னும் எளிதாக வெளிவரும். ஆக, சமைப்பதால் வைட்டமின் சியில் கொஞ்சம் இழக்கிறோம், வைட்டமின் ஏ பக்கம் லாபம். இரண்டும் வேண்டுமென்றால் வாரத்தில் சில நாள் பச்சையாக, சில நாள் சமைத்து என்று மாற்றிக்கொள்ளலாம்.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் நான் சமைக்காமல் சாப்பிடுவதன் பக்கம்தான் நிற்பேன். பயறு, கீரை போன்றவற்றில் இருக்கும் இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படாது. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுதல் கூடும். வேகவைத்த பயறோடு சிவப்பு, மஞ்சள் துண்டுகளைப் பச்சையாகக் கலந்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம். காலையில் குடமிளகாய், இரவில் பயறு என்றால் இந்தப் பலன் கிடைக்காது. ஒரே தட்டில் இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலனும் குறையும். ஒரு மணி நேரம் போகட்டும்.

உள்ளே பூரணம் வைத்துச் சமைப்பது எல்லோருக்கும் பிடிக்கும். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: பச்சை இறைச்சியை அடைத்தால், வெளியே காய் வெந்ததை வைத்து உள்ளே வெந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். பூரணத்தின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சோறு அடைத்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

இப்போது நான் உண்மையாகவே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சுட்டு உரித்த குடமிளகாயைப் பூண்டோடு கண்ணாடிப் புட்டியில் அடுக்கி, மேலே எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைக்கும் காணொளிகள் நிறைய வருகின்றன. பார்க்க அழகு. எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சை வராது என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் காற்றில்லாத அந்த இடம்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு வேண்டியது. மண்ணிலிருந்து வரும் அதன் வித்துகள் காயின்மேலும் பூண்டின்மேலும் இருக்கலாம். கொதிநீரின் 100 டிகிரி சூட்டையும் அவை தாங்கும். பி.எச். 4.6க்கு மேல், அதாவது புளிப்புக் குறைவாக இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். குடமிளகாயின் பி.எச். பொதுவாக அதற்கு மேல்தான். நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சு அது. நிறம், மணம், சுவை எதிலும் மாற்றம் தெரியாமலே போகலாம். 1977ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சரியாகப் பதப்படுத்தாத மிளகாயை ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 59 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். அது காரமான ரகம். என்றாலும் காரம் அந்தக் கிருமியைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் எண்ணெயில் போட்ட சுட்ட குடமிளகாயைக் குளிர்பெட்டியில் மட்டும் வையுங்கள், நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவையுங்கள். மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிவது காப்பாகாது. ஊறுகாய் போடுவதென்றால் சோதித்துப் பார்த்த அளவுகளில் வினிகர் சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட உணவு சாப்பிட்டபின் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கவோ பேசவோ சிரமமாக இருந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அதிகமில்லை. கையில் எடுத்தால் காயின் அளவைப் பார்த்து நினைத்ததைவிடக் கனமாகத் தெரிய வேண்டும், தோல் இறுக்கமாக, காம்பு பசுமையாக இருக்க வேண்டும். அடியில் மூன்று புடைப்பு இருந்தால் ஆண், நான்கு இருந்தால் பெண், ஒன்று சமையலுக்கு, இன்னொன்று பச்சையாகத் தின்ன என்று ஒரு செய்தி வருடா வருடம் சுற்றும். காயில் ஆண், பெண் கிடையாது. புடைப்பின் எண்ணிக்கை ரகத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது. வெட்டினால் உள்ளே ஒரு குட்டிக் குடமிளகாய் இருப்பதைப் பார்த்துப் பயந்து படம் அனுப்புகிறவர்களும் உண்டு. அது தீங்கில்லாத வளர்ச்சி, அதையும் தின்னலாம். விதையின்மேல் சாம்பல் அல்லது கருப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகாய்க் குடும்பம் என்று இதை அறவே ஒதுக்குகிறார்கள். காரம் தரும் கேப்சைசினை உண்டாக்கும் மரபணு குடமிளகாயில் வேலை செய்வதில்லை. எனவே அந்தக் காரணத்துக்காக ஒதுக்கத் தேவையில்லை. சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் இது ஒத்துவரும் காய்தான். 100 கிராமில் ஏறத்தாழ 175 முதல் 210 மில்லிகிராம். உருளைக்கிழங்கில் இதைப் போல இரண்டு மடங்கு. அவரவர் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள். ஈரம் அழுகலைக் கூட்டும். சமைக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு கூடாது. காம்பைச் சுற்றிய குழியில்தான் அழுக்கு தங்கும். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ்தான் இதற்குப் பொருத்தமான குளிர். வீட்டுக் குளிர்பெட்டி அதைவிடக் குளிராக இருப்பதால் காய்கறித் தட்டில் வைப்பது நல்லது. பழுத்தவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள், பச்சை இன்னும் சில நாள் தாங்கும்.

அதிகமாகக் கிடைத்தால் உறையவைப்பதுதான் எளிய வழி. பெரும்பாலான காய்களைப் போல இதைக் கொதிநீரில் முக்கி எடுக்கத் தேவையில்லை. விதை நீக்கி, நறுக்கி, ஒட்டாதபடி தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கட்டலாம். இளகினால் துவண்டுபோகும் என்பதால் பச்சையாகத் தின்ன உதவாது. சமையலுக்கு எடுக்கும்போது இளகவிடாமல் அப்படியே சூடான சட்டியில் போடுங்கள்.