அழுத்தினால் மறையும் சிவப்பு

கோவையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மா முதியோர் இல்லத்தில் படுக்கையோடு இருக்கிறார். உடை மாற்றும்போதெல்லாம் நர்ஸ் அவரது இடுப்பையும் குதிகாலையும் விரலால் அழுத்திப் பார்க்கிறாரே, எதற்கு?"

படுக்கைப் புண் தொடங்குகிறதா என்று பார்க்கிறார். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, செல்கள் சாகும். இது பலருக்கும் தெரிந்ததுதான். அந்த ஒற்றை விரல் செய்யும் சோதனைதான் எனக்கு அவ்வளவு பிடித்தது.

தோலின் நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. 1930இல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் நகத்தடித் தோலில் ஒரே ஒரு நுண்குழாய்க்குள் மிக நுண்ணிய குழலைச் செலுத்தி அளந்தார். ரத்தம் உள்ளே நுழையும் பக்கத்தில் சுமார் 32 மி.மீ. பாதரசம். விரலால் அதை எளிதாக மிஞ்சிவிடலாம். அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் மறுபடி சிவக்கும்.

புரட்டிப் படுக்கவைத்ததும் தோல் சிவப்பதே முதலில் நல்ல செய்தி. பட்டினி கிடந்த இடத்துக்கு உடல் ரத்தத்தை அள்ளி அனுப்புகிறது. அப்படி வந்த ரத்தம் குழாய்க்குள் ஓடுகிறது, அதனால் அழுத்தினால் விலகிவிடும். ஆனால் நுண்குழாய்கள் சேதமாகி ரத்தம் வெளியே கசிந்திருந்தால்? விலகிப் போக அதற்கு வழியில்லை. எவ்வளவு அழுத்தினாலும் சிவப்பு அப்படியே நிற்கும். தோல் கிழியவில்லை, புண் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை.

சரி, நம் மாநிறத்திலும் கறுப்பிலும் இது தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. நிறம் தரும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது, ரத்தக் குழாய்கள் அதற்குக் கீழே. திரைக்குப் பின்னால் நடப்பது கண்ணுக்கு எட்டாது. அங்கே கைதான் கருவி. அக்கம்பக்கத் தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, கனிந்த பழம் போல அமுங்குகிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிர்நிறத் தோலை வைத்து எழுதிய பாடத்தையே நம் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வேதனை. நம் தோலுக்கான ஆய்வுக்கு நம் அரசுகள்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ரத்தம் ஓடும் என்ற நம்பிக்கையில் அன்போடுதான் செய்கிறோம். ஏற்கெனவே நைந்த நுண்குழாய்களை அது மேலும் கிழிக்கும். அம்மாவை மறுபக்கம் திருப்பி, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். அரை மணி கழித்து அதே இடத்தைத் தொட்டுப் பார்த்து, மாறவில்லை என்றால் அன்றைக்கே நர்ஸிடம் காட்டுங்கள்.