8377 எப்படி 185 ஆனது?

கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தன் பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் ₹450 இருக்கவேண்டிய இடத்தில் ╣450 என்றிருந்தது. "ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு 8377 அடித்தால் ரூபாய் சின்னம் வரும் என்றார்கள். வேர்டில் வருகிறது. பில் போடும் சாஃப்ட்வேரில் மட்டும் உடைந்த ஏணி மாதிரி ஏதோ வருகிறது. கீபோர்டு போச்சா?"

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் வழிந்துவிட்டது.

கணினிக்கு எழுத்து என்பதே ஓர் எண்தான், இது பள்ளியிலேயே படித்தது. உதயகுமார் வரைந்த ₹ சின்னத்துக்கு 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியல்தான் யூனிகோடு. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அதன் 6.0 பதிப்பில் ₹க்கு இடம் கிடைத்தது. எண் 8377.

ஆனால் ஆல்ட் பழக்கம் அதைவிட வயதில் மூத்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் தொடங்கியது. ஆல்டை அழுத்தியபடி வலப்பக்க எண் கீகளைத் தட்டினால், உள்ளே ஒரே ஒரு பைட்டில், அதாவது கணினி நினைவகத்தின் ஒரு சின்ன அறையில், கூட்டல் நடக்கும். விதி எளிது: இருப்பதைப் பத்தால் பெருக்கு, புதிய இலக்கத்தைச் சேர். ஆல்டிலிருந்து விரலை எடுத்ததும், சேர்ந்திருக்கும் எண்ணுக்குரிய எழுத்து திரைக்குப் போகும். அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த சின்னஞ்சிறு இயந்திரம் இது.

சிக்கல் என்னவென்றால், ஒரு பைட்டுக்கு 255க்கு மேல் எண்ணத் தெரியாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அதே கதை. இங்கே 256 வந்தாலே மறுபடி பூஜ்யம்; அதனால் ஒவ்வொரு 256ஆகக் கழிந்துகொண்டே போகும். நம் 8377ஐ அடித்துப் பார்ப்போம். முதலில் 8. அப்புறம் 83. அடுத்து 837 ஆகவேண்டும். மூன்று 256 கழிந்து 69தான் நிற்கும். கடைசி 7ஐத் தட்டினால் 697. இரண்டு 256 போக மிச்சம் 185. ஐபிஎம்மின் பழைய எழுத்துப் பட்டியலில் 185 யார் தெரியுமா? நம்ம ╣தான். கறுப்புத் திரைக் காலத்தில் அட்டவணைக்குக் கட்டம் கட்ட வைத்திருந்த துண்டு அது. அன்றைய பில் திரைகளின் ஓரத்தில் நின்றதுதான் இன்று பில்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

விண்டோஸ் இந்தப் பழக்கத்தை இன்றும் காப்பாற்றி வருகிறது. வேர்டு மட்டும் முழு எண்ணையும் தானே படித்துக்கொள்வதால் அங்கே ₹ வருகிறது. இன்னொரு வேடிக்கை: 185க்குப் பதில் 0185 என்று அடித்தால் ¹ வரும். கணக்கில் முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. இங்கேயோ அது 'வேறு பட்டியலைப் பார்' என்கிற கட்டளை.

கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆல்ட் எண்களை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். மந்திரம் பலிக்காத அன்று பழி கீபோர்டின் தலையில் விழுகிறது. பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்கப் பத்து நிமிடம் போதும்.

வாசகருக்கு வழி: விண்டோஸ் மொழி அமைப்பில் 'ஆங்கிலம் (இந்தியா)' கீபோர்டைச் சேர்த்துவிட்டு, வலப்பக்க ஆல்டுடன் மேல்வரிசை 4ஐ அழுத்துங்கள். இதில் பெருக்கல் கிடையாது, ₹ நேரடியாகப் போகும். அதன் பிறகும் கேள்விக்குறி வந்தால், சாஃப்ட்வேருக்கே யூனிகோடு தெரியாது என்று அர்த்தம். அதை விற்றவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பில்லில் ஆங்கில எழுத்திலேயே 'Rs.' என்று போட்டுக்கொள்ளலாம்.