இன்னொரு மோட்டார் மாட்டினால் படகு இரு மடங்கு வேகமாகப் போகுமா?

பென்சில்வேனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஏரியில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. 14 அடி அலுமினியப் படகில் 55 பவுண்டு ட்ரோலிங் மோட்டார் போட்டு ஓட்டுகிறேன். இன்னொன்றும் மாட்டினால் வேகம் இரட்டிக்குமா?"

இரட்டிக்காது. வேகம் கொஞ்சம்தான் கூடும். பேட்டரி மட்டும் இரு மடங்கு வேகமாகக் காலியாகும்.

ட்ரோலிங் மோட்டார் என்பது படகில் மாட்டும் சிறிய மின்மோட்டார். தூண்டில் இரையை மெல்ல இழுத்துக்கொண்டு போவதற்காகப் பிறந்தது. 1934-இல் வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் கார் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு ஒரு சுழல்விசிறியை இணைத்துத் தொடங்கிவைத்தார். பெட்டியில் போட்டிருக்கும் 55 பவுண்டு என்பது படகு நகராமல் நிற்கும்போது கிடைக்கும் தள்ளுவிசை. ஓட ஓட அது குறையும். மோட்டார் இழுக்கும் மின்சாரம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 50 ஆம்பியர், அதாவது 600 வாட். ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. பெட்டியில் வாட்டைப் பெரிதாகப் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

சரி, வேகம் ஏன் கூட மறுக்கிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது படகின் பக்கவாட்டை எட்டிப் பாருங்கள். படகின் மூக்கு தண்ணீரைத் தள்ளுவதால் அங்கே ஓர் அலைமுகடு எழும். அதன் பின்னாலேயே பள்ளம், அப்புறம் இன்னொரு முகடு. ஆழமான நீரில் அலையின் வேகத்துக்கும் நீளத்துக்கும் ஒரு கட்டாய உறவு உண்டு: நீண்ட அலைதான் வேகமாகப் போக முடியும். இந்த அலையோ படகோடு கூடவே வந்தாக வேண்டியது. ஆகவே படகின் வேகம்தான் அலையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. மணிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் அலையின் நீளம் 1 மீட்டர். 4 மீட்டர் படகின் பக்கத்தில் நான்கு அலைகளை எண்ணலாம். 6.4 கி.மீ. வேகத்தில் அலை 2 மீட்டராகும், இரண்டே அலைகள். 9 கி.மீ.-ஐத் தொட்டால் அலை 4 மீட்டர், படகு நீளத்துக்கே வந்துவிடும். மூக்கு ஒரு முகட்டில், பின்புறம் அடுத்த முகட்டில். இன்னும் வேகம் கூட்டினால் பின்முகடு படகைத் தாண்டிப் பின்னே போய்விடும். பின்புறம் பள்ளத்தில் இறங்கும், மூக்கு நிமிரும். அதன்பின் படகு தானே எழுப்பிய மேட்டில் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேடும் கூடவே நகர்வதால் உச்சிக்குப் போய்ச் சேரவே முடியாது. அதைத் தாண்டி நீர்மேல் வழுக்கி ஓடப் பல கிலோவாட் வேண்டும். 600 வாட்டும் அதைச் செய்யாது, 1,200 வாட்டும் செய்யாது.

அந்த 9 கி.மீ.-க்கு வெகு கீழேகூட, தேவைப்படும் திறன் சுமாராக வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். திறனை இரட்டித்தால் வேகம் கூடுவது கால்வாசிதான்.

இதையெல்லாம் முறையாக அளக்க வழிகாட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பிரிட்டிஷ் கடற்படை கொடுத்த 2,000 பவுண்டு பணத்தில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தன் வீட்டருகே நீர்த்தொட்டி கட்டி, 1872 முதல் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். இன்றைக்கு மின்படகு என்றாலே பணமெல்லாம் பேட்டரி ஆராய்ச்சிக்குத்தான் போவதுபோலத் தோன்றுகிறது. படகின் உடல் வடிவத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. கேரளத்தில் 2017 முதல் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடும் ஆதித்யா சூரியமின் படகைப் பாருங்கள். 20 மீட்டர் நீளம், ஒல்லியான இரட்டை உடல். அந்த நீளத்துக்கு அலைமேடு தடுக்கும் வேகம் மணிக்கு 20 கி.மீ. அருகில். வழக்கமாக ஓடுவதோ அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில். 75 பேரை ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் வெயிலிலேயே ஓட முடிவதற்கு இந்த அடக்கம் ஒரு முக்கியக் காரணம்.

மும்மடிக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு திறன் போதும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழு வேகத்தில் கணக்குப்படி 2 மணி நேரம் வரவேண்டும். ஈய பேட்டரியில் 50 ஆம்பியர் உறிஞ்சினால் அதுகூட வராது. பாதி வேகத்தில் போனால், காகிதக் கணக்கில், நான்கு மடங்கு தூரம் போகலாம். ஆனால் மோட்டாரில் துடிப்பகலக் கட்டுப்பாடு (PWM), அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, இருக்க வேண்டும். ஐந்து நிலைத் திருகு கொண்ட மலிவு மோட்டார்கள் வேகத்தைக் குறைக்க மின்தடைச் சுருளைப் பயன்படுத்துவதால், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும்.

எதிர்க்காற்று இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துவிடும். அதனால் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதன் போக்கில் வாருங்கள். ஒரு ஜோடி துடுப்பும் படகில் கிடக்கட்டும்.