அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்று ஈரோட்டில் உள்ள என் தணிக்கை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், பதிவு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட விரும்பும் ஒருவர், தம் வங்கிக் கணக்கிலிருந்து கல்லூரியின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினாலே போதும். அதற்கென்று பத்திரமும் பான் அட்டையும் ஆண்டுத் தணிக்கையும் வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்குப் போக வேண்டிய தொகையில் ஒரு பங்கு எங்களைப் போன்றவர்களின் கட்டணமாகப் போகும். பிறரிடமிருந்து பணம் வாங்கப் போகிறீர்களா, உங்களுக்குப் பிறகும் இந்தப் பணி நடக்க வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டுமே அடுத்த பேச்சைத் தொடங்குகிறேன்.

பதிவு என்றால் மூன்று வழிகள் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து அறக்கட்டளை அமைக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி லாப நோக்கமற்ற நிறுவனமாகவும் அமைக்கலாம். எது உயர்ந்தது என்பதைவிட, முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி. ஒரு குடும்பம் முன்னின்று நடத்தும் கல்வி உதவிக்கு அறக்கட்டளை பொருந்தும். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் கொண்டுவரும் திட்டமாகும். அப்படி ஒரு குளத்தைப் பராமரிக்க ஊரே சேர்ந்து ஒரு குழு அமைக்கிறது என்றால், சங்கமே சரியான வடிவம். அதில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், பொறுப்பாளர்கள் மாறலாம், ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் வேலை நிற்காது. கம்பெனி வடிவத்துக்கு ஆண்டுச் செலவும் தாக்கல்களும் அதிகம். பெரிய தொகைகளைக் கையாளப் போகிறவர்கள் மட்டுமே அதை நினைத்துப் பார்க்கலாம்.

அறக்கட்டளைப் பத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான தொல்லைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெருந்துறைப் பக்கத்திலிருந்து, விசைத்தறித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். மஞ்சப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்த பத்திரம் பதினொரு பக்கம். பக்கத்து ஊர் அறக்கட்டளை ஒன்றின் பத்திரத்தைப் பார்த்துப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள் என்பது, ஏழாம் பக்கத்தில் மாற்ற மறந்துபோன ஓர் ஊர்ப் பெயரிலேயே தெரிந்தது. வருமான வரித் துறையில் பதிவு வாங்கித் தர வேண்டும் என்று கேட்டார். நோக்கங்கள் பகுதியில், உதவி தம் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றிருந்த இடத்தில் நான் விரலை வைத்து, "இந்த வாசகம் இருக்கிற வரைக்கும் கஷ்டங்கண்ணா" என்றேன்.

"ஏனுங்க ஆடிட்டருங்க, நம்ம கூட்டத்துப் பசங்க படிக்கறதுக்குன்னுதானுங்க ஆரம்பிச்சதே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் கள்ளம் எதுவும் இல்லை. கொங்கு நாட்டில் குலதெய்வக் கோயிலையும் கூட்டம் என்கிற குலப் பிரிவையும் சுற்றித்தான் பெரும்பாலான கொடைகள் நடந்து வந்திருக்கின்றன. தம் கூட்டத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பது இங்கே ஒரு கடமை. ஆனால் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட சாதி அல்லது மதச் சமூகத்தின் நன்மைக்காக மட்டுமே அமைந்த அறநிறுவனத்துக்கு வரிவிலக்கைத் தருவதில்லை. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரமும் அதற்குக் கிடைக்காது. கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் கல்விக்கும் ஒரே பத்திரத்தில் இடம் கொடுப்பதும் இதைப் போன்றதே. 80ஜி பெற்ற நிறுவனம் தன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதம் சார்ந்த செலவு செய்ய முடியாது. கோயிலுக்குத் தனியாகவும் கல்விக்குத் தனியாகவும் அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அந்தப் பத்திரத்தில் இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. அறக்கட்டளை கலைக்கப்பட்டால் சொத்துகள் நிறுவியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் திரும்பும் என்று ஒரு வாசகம் இருந்தது. திரும்பப் பெறக்கூடிய கொடையை வரிச் சட்டம் கொடையாகவே கருதாது என்பதால், மீதமுள்ள சொத்து இதே போன்ற நோக்கம் கொண்ட வேறு பதிவுபெற்ற அறநிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியாக வேண்டும். அடுத்த குறை இதைவிடப் பெரியது. பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தை அறங்காவலர்களுக்கு வழங்கும் பிரிவே அதில் இல்லை. அந்தப் பிரிவு இல்லாத பொது அறக்கட்டளையின் நோக்கங்களை மாற்ற உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். பெரியவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. புதிய அறக்கட்டளை ஒன்றைப் பதிந்து, புதிய பான் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். அவருக்கு ஓர் ஆண்டு வீணானது.

பத்திரம் பதிந்து, பான் பெற்று, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு வருமான வரித் துறையிடம் இரண்டு விண்ணப்பங்கள் போட வேண்டும்: அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குப் பெறப் பிரிவு 12ஏபி, நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்கப் பிரிவு 80ஜி. இன்னும் செயல்படத் தொடங்காத புதிய அமைப்புக்குப் படிவம் 10ஏ வழியாக மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அது முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்போ, பணிகள் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள்ளோ, எது முந்தையதோ அதற்குள் படிவம் 10ஏபி வழியாக முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் "எது முந்தையதோ" என்ற இரண்டு சொற்களைக் கவனிப்பதில்லை. இங்கே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே எழுதுகிறேன். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1 என்பதால், உங்கள் விண்ணப்பத்துக்கு உரிய எண்களை உங்கள் தணிக்கையாளரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வரவு. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். 101 ரூபாய் கொடுத்தவருக்கும் ஊரும் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதாமல் அடுத்தவர் பக்கம் பேனா நகராது. அந்த ஒழுங்கு அறக்கட்டளை ரசீதுப் புத்தகத்தில் மட்டும் ஏன் காணாமல் போகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடைகள், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. அறப்பணிக்காக மட்டுமே இயங்கும் நிறுவனங்களுக்கான விதி இது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருகிறவருக்கு 80ஜி சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் நன்கொடை வாங்குவதும், ஜூலையில் அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது முகம் சுளிப்பதும் பலமுறை நடந்திருக்கின்றன.

80ஜி பெற்றவர்கள் ஆண்டுதோறும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியில் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் படிவம் 10பிஇ சான்றிதழ் வழங்க வேண்டும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். ஓர் ஆண்டு என் அலுவலகத்திலேயே ஒரு கோப்பு வேறொரு கட்டுக்குள் புகுந்துவிட, 17 நாட்கள் தாமதமாகி 3,400 ரூபாய் ஆயிற்று. தவறு எங்களுடையது என்பதால் நானே கட்டினேன். அன்றிலிருந்து மே மாதத்து நாட்காட்டித் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

செலவிலும் சில முடிச்சுகள் உண்டு. வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள்ளேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். முடியாதபோது, காரணத்தைச் சொல்லி உரிய படிவம் கொடுத்து ஒதுக்கி வைக்க வழி உண்டு. குளத்துக் குழு ஒன்று முட்செடிகளை அகற்ற ஜேசிபி வாடகைக்கு ஒரே நாளில் 28,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தது. வேலை நடந்ததற்குப் புகைப்படம் இருந்தது, வண்டிக்காரரின் கையெழுத்து இருந்தது, ஊரே சாட்சி. ஆனாலும் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அறச் செலவாகக் கணக்கில் ஏறாது. போனில் அனுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. குளம் அரசின் சொத்து என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாமல் வண்டியை உள்ளே இறக்காதீர்கள்.

மிச்சப் பணத்தை எங்கே வைப்பது என்பதில் நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. இங்கே தெருவுக்கு ஒரு பைனான்ஸ் உண்டு, அறங்காவலர்களில் ஒருவராவது அப்படி ஒன்றில் பங்குதாரராக இருப்பார். "வங்கியில என்னங்க வட்டி வருது, நம்மகிட்டயே ஒன்றரை வட்டிக்குப் போட்டுடலாங்க" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம்; கேட்கச் சுகமாக இருக்கும். அறநிறுவனத்தின் பணத்தை அஞ்சலகம், வங்கி, அரசுப் பத்திரங்கள் என்று சட்டத்தின் 11(5) பிரிவு பட்டியலிட்ட இடங்களில் மட்டுமே வைக்கலாம். தனியார் பைனான்ஸும் சீட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ போதிய வட்டியும் ஈடும் இல்லாமல் கடன் கொடுப்பதும், செய்யாத வேலைக்குச் சம்பளம் போடுவதும் 13ஆம் பிரிவில் சிக்கும். விதிமீறலுக்கு உட்பட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி விழும். சம்பளமே கூடாது என்பதில்லை. மருமகள் கணக்கு எழுதுகிறார் என்றால் அந்த வேலைக்கு வெளியில் என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுக்கலாம். அதை மற்ற அறங்காவலர்கள் கூடித் தீர்மானமாக எழுதியிருக்க வேண்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் வெளிநாட்டு நன்கொடையையும் பற்றி எல்லோரும் முதல் நாளே கேட்கிறார்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், கோவை ஆலைகள் என்று பெயர்ப் பட்டியலோடு வருகிறவர்களும் உண்டு. முந்தைய ஆண்டின் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனிக்கே சமூகப் பணிக்கு அப்படி நிதி செலவிடும் கடமை உண்டு. வெளி அமைப்பு ஒன்று அந்த நிதியைப் பெற 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு ஆகியவற்றோடு மூன்று ஆண்டுச் செயல்பாடும் காட்ட வேண்டும். வெளிநாட்டு நிதிக்கான எப்சிஆர்ஏ பதிவுக்கும் மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ கிளையின் குறிப்பிட்ட கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அயல்நாட்டில் இருக்கும் உறவினர், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவராக இருந்தால், அவர் அனுப்பும் பத்தாயிரமும் வெளிநாட்டு நன்கொடையே. முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை.

அமைப்பை மூடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முறையான பதிவு பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே. ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மேற்படாத சிறிய அமைப்புகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அதைப் பத்து ஆண்டுகளாக நீட்டியிருக்கிறார்கள். உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்காத அறக்கட்டளை அறநிலையிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டு, அதன் சொத்துகளின் சந்தை மதிப்பில் கடன் போக எஞ்சிய தொகைக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி விதிக்கப்படலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு என்றாலும், எப்போதோ வாங்கிய இரண்டு ஏக்கர் நிலம் இன்று பெருந்துறைச் சாலையில் என்ன விலை போகிறது என்பதை யோசித்தால் அந்த வரியின் கனம் புரியும். நடத்த ஆள் இல்லை என்றானால் பதிவு உயிரோடு இருக்கும்போதே தீர்மானம் போட்டு, சொத்தை இதே நோக்கமுள்ள பதிவுபெற்ற வேறு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

மஞ்சப்பைப் பெரியவரின் முதல் அறக்கட்டளையையும் அப்படித்தான் முடிக்க நினைத்தோம். வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்தது 6,240 ரூபாய். ஆனால் பழைய பத்திரத்தின் கலைப்பு வாசகப்படி அது அவருக்கே திரும்ப வேண்டிய தொகை. அவர் அதை வாங்கிய கையோடு, புதிய அறக்கட்டளைக்குத் தம் பெயரில் காசோலை எழுதி, ரசீது எண் ஒன்றைப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.